போனஃபைடு

விம்கோ நகர் ஸ்டேஷன் கவுன்ட்டரில்
மாணவர் சீசனுக்கு விண்ணப்பத்தை நீட்டினேன்.
"பொண்ணு வரலையாம்மா?"
சான்றிதழில் ஒட்டியிருந்த படத்தை
முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்.
பின்னால் அன்னக்கூடையோடு நின்றவள்
முதலில் சிரித்தாள். பிறகு கேட்டாள்:
"எத்தினியாவது?"

பதினெட்டு வருடம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல்.
பாடப்புத்தகம் அட்டை மாறியது, பக்கம் மாறியது,
சுண்ணாம்பு நீர் மட்டும்
ஒவ்வொரு ஆகஸ்டிலும் பால்போல் மாறிக்கொண்டிருந்தது.
மாறாவிட்டாலும்
மாறியதாகவே எழுதச் சொன்னேன்.

அடைமழை விட்ட ஓர் இரவு
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
கண் எரிந்து,
எர்ணாவூர் குடியிருப்பே ஈரத்துணியோடு
மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததாம்.
மறுநாள் வகுப்பில் பாதிப் பேர்தான்.
லோகவர்ஷினி எழுந்தாள்.
"மிஸ், அது இன்னா?"
ஒரு கந்தகம், இரண்டு ஆக்சிஜன்,
பலகையில் வாய்பாடு போட்டேன்.
"அது தெரியும் மிஸ். எங்க அக்கா கொழந்தைய
அது இன்னா பண்ணும்?"
பாடத்தில் இல்லை என்று சொல்ல
வாய் வரை வந்தது.
சொல்லவும் சொன்னேன்.
அவள் உட்கார்ந்து
அடுத்த தலைப்புக்கு அடிக்கோடு போட்டாள்,
ஸ்கேல் வைத்து.

ராஜினாமாக் கடிதத்தைத் தமிழ் மிஸ்தான் திருத்தினாள்.
'சொந்த காரணங்களுக்காக' என்றிருந்ததில்
விட்டுப்போன க்-ஐ வட்டமிட்டுச் சேர்த்தாள்.
காரணம் என்னவென்று கேட்கவில்லை.
கிளார்க் என் கிராஜுவிட்டியை
மூன்று முறை போட்டார், மூன்று தொகை வந்தது.
வீட்டில் துரைக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை,
கடன் பாஸ்புக்கை எடுத்து
டி.வி. ஸ்டாண்டின் மேல் வைத்தார்,
எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

எட்டு ஐம்பதானால்
இன்னும் தொண்டை தானாகச் செருமுகிறது.
பேராசிரியர் 'சைலன்ஸ்' என்றால்
பின்பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறேன்,
நானே பின்பெஞ்சில் இருந்துகொண்டு.
முதல் இன்டர்னலில் ஐம்பதுக்குப் பதினேழு.
படித்தால் வராதா, படித்தால் வராதா என்று
எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருப்பேன்.
படித்தேன். வரவில்லை.

லேபில் எங்களைப் பார்த்துக்கொள்கிற ஆராய்ச்சி மாணவி
தில்ஷாத், தண்டையார்பேட்டை,
என்னிடம் பத்தாவது படித்தவள்.
அவள் நோட்டில் ஒரு வருடம் முழுக்க
'கையெழுத்தைத் திருத்தவும்' என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன்.
கையெழுத்து திருந்தவில்லை.
அந்தக் கையெழுத்தில்தான், பென்சிலில்,
என் ரெக்கார்டின் ஓரத்தில் கேட்கிறாள்:
'எவ்வளவு பிழை இருக்கலாம்?'
அவள் என்னை மிஸ் என்கிறாள்,
நான் அவளை மிஸ் என்கிறேன்,
நடுவில் ப்யூரெட் சொட்டிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு பிழை இருக்கலாம்.
பதினெட்டு வருடத்தில் எந்த விடைக்குப் பக்கத்திலும்
ஒரு கூட்டல் கழித்தல் குறி போட்டதில்லை நான்.
சரி, தவறு,
அரை மதிப்பெண்கூடக் கெஞ்சினால்தான்.

லோகவர்ஷினியை ஒருநாள்
தேரடி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், பிளஸ் ஒன் சீருடையில்.
"படிக்கப் போய்ட்டீங்களாமே மிஸ்?
எதுக்கு?"
உன் கேள்விக்குத்தான் என்றேன்.
அவளுக்கு எந்தக் கேள்வி என்று நினைவில்லை.
அக்கா குழந்தை இப்போது யு.கே.ஜி.யாம்,
ராத்திரியில் இருமல் மட்டும் இருக்கிறதாம்.

அவர்கள் வீட்டு மொட்டைமாடியில்
கொடிக்கயிற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
காற்றை இழுக்கும் பெட்டியை வைத்தோம்.
வெள்ளைத் தாளாகப் போட்டது
ஒரு பகல் ஓர் இரவு கழிந்து
சாம்பல் நிறத்தில் வந்தது.
தராசில் வைக்கும்போது கை நடுங்கியதில்
மூன்று தடவை மூன்று எடை.
ஒன்றையும் அடிக்காமல்
மூன்றையும் எழுதினேன்.